யாரைக் கேட்பது?

2023-ஆம் வருஷம் செப்டம்பர் மாதக் கடைசி. காலையில் திண்ணையில் உட்கார்ந்து பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு அக்கா கையில் துடைப்பத்தோடு தெருவைத் தாண்டி வந்து படியோரம் நின்றாள். உறவுமுறையில் அவள் எனக்கு அக்கா இல்லை. ஆனால் ஒரத்தநாட்டுப் பக்கம் எங்கள் ஊரில் வயதில் மூத்த பெண்பிள்ளையை வேறு எப்படிக் கூப்பிடுவது?

"தம்பி, சிங்கப்பூருல மண்ணுக்குள்ள குண்டு கெடந்துச்சாமே, நெசமா?" என்றாள்.

அவளுடைய ஒரே பிள்ளை சிங்கப்பூரில் இருக்கிறான். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவன் சிங்கப்பூரில் இருக்கிறான் என்று சொன்னால் கொஞ்சம்தான் மிகை.

நிஜம்தான். அப்பர் புக்கித் தீமா சாலையில் அடுக்குமாடி வீடு கட்டத் தோண்டிய இடத்தில் 100 கிலோ எடையுள்ள விமானக் குண்டு ஒன்று அகப்பட்டிருந்தது. இரண்டாவது உலக யுத்தத்தில் விழுந்து வெடிக்காமல் கிடந்தது. அதைத் தூக்கிக்கொண்டு போவது ஆபத்து என்று கண்டு, அக்கம்பக்கத்திலிருந்து 4,000 பேருக்கு மேல் வெளியேற்றிவிட்டு, செப்டம்பர் 26-ஆம் தேதி ராணுவத்தார் அதைக் கிடந்த இடத்திலேயே வெடிக்க வைத்தார்கள். எல்லாவற்றையும் சொன்னேன்.

"யாரு போட்டதாம்?"

"அந்தக் காலத்துச் சண்டையில போட்டது, அக்கா. எண்பது வருஷம் ஆச்சு."

"போட்டவன் இருக்கானா?"

"இருக்க மாட்டான்."

"போடச் சொன்னவன்?"

"அவனும் போயிருப்பான்."

துடைப்பத்தைச் சுவரோரம் சாத்திவிட்டு அவள் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். பிறகு, "அப்ப ஏதாச்சும் ஆயிருந்தா யாரைக் கேக்குறது?" என்றாள்.

பேனா பிடிக்கிறவனுக்கு எதைக் கேட்டாலும் பதில் தெரியும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. அதைக் கெடுத்துக்கொள்ள எனக்கும் மனசில்லை. "அந்த ஊர் சர்க்கார் பார்த்துக்கும் அக்கா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சுத்த மழுப்பல். அவள் போன பிறகு பத்திரிகையில் கண் ஓடவில்லை.

முதலில் 'யார்' என்ற கேள்வியையே எடுத்துக்கொண்டு பார்த்தேன். 1941 டிசம்பர் 8-ஆம் தேதி விடியுமுன், தெரு விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும்போதே ஜப்பானிய விமானங்கள் சிங்கப்பூரின் மேல் குண்டு போட்டன. அன்றைக்கு மட்டும் 61 பேர் செத்தார்கள். அடுத்த பிப்ரவரி 15-இல் ஊர் சரணடையும் வரையில் குண்டு விழுந்துகொண்டே இருந்தது. நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறிப் பிழைக்கப்போன நம் ஜனங்கள் அங்கே நிறையப் பேர். ஜப்பான்காரன் என்று எழுதி முடித்துவிடலாம் என்றால் அதுவும் முடியவில்லை. 1944 நவம்பரிலிருந்து அதே ஊரின் மேல் குண்டு போட்டவர்கள் அமெரிக்கர்கள். அந்தப் பெரிய பி-29 விமானங்கள் கிளம்பியது எங்கேயிருந்து என்று நினைக்கிறீர்கள்? நீளமான பிளாட்பாரத்துக்குப் பேர்போன நம்முடைய கரக்பூர் இருக்கிறதே, அதைச் சுற்றியிருந்த தளங்களிலிருந்து. ஆகவே சிங்கப்பூர் மண்ணில் ஏதோ ஒரு குண்டு கிடக்கிறது என்றால் அது ஜப்பானுடையதாக இருக்கலாம். நம் நாட்டு மண்ணிலிருந்து எழும்பிப் போனதாகவும் இருக்கலாம். கொடிகளும் கட்சிகளும் மேலேதான். பத்தடி ஆழத்தில் துருப்பிடித்த இரும்பு மட்டும்தான் இருக்கிறது.

வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்று பள்ளிக்கூடத்தில் எழுதி எழுதிக் கையெழுத்தைத் திருத்திக்கொண்டோம். காவேரிப் பாசனத்தில் பிறந்தவனுக்கு இந்தப் பழமொழியில் ஒரு சந்தேகம் வரத்தான் வேண்டும். விதைத்தவனே அறுத்ததை எங்கள் வயல்கள் எத்தனை தலைமுறைக்குப் பார்த்தன? நாற்று நட்டவள் ஒருத்தி, களை பறித்தவள் ஒருத்தி, அறுத்துக் களத்துக்குச் சுமந்தவன் ஒருவன், பத்தாயத்தில் கொட்டிப் பூட்டியவன் வேறொருவன். நெல் விஷயத்திலேயே இந்தக் கணக்கு நேராக இல்லை. வினை விஷயத்தில் மட்டும் எப்படி நேராக இருக்கும்?

இதற்குப் பெரியவர்கள் ஒரு சமாதானம் வைத்திருக்கிறார்கள். இந்த ஜன்மத்தில் தப்பினவன் அடுத்த ஜன்மத்தில் அகப்படுவான். குண்டு போட்டவனே மறுபிறவி எடுத்து, மண் தோண்டுகிற கூலியாகப் போய், தான் போட்ட குண்டின் மேல் தானே நிற்கலாம் அல்லவா? கதைக்கு நன்றாயிருக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை. செத்தவனையே குற்றவாளியாக்கிவிட்டு மற்றவர்கள் எல்லாரும் கை கழுவிக்கொள்ளும் ஏற்பாடு அது. ஒரத்தநாட்டிலிருந்து கடன் வாங்கி ஏஜென்டுக்குக் கட்டிவிட்டுப் போன பையனிடம் போய், 'இது உன் பழைய பாக்கி' என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இரண்டு நாள் கழித்து அக்கா மறுபடி வந்தாள். இந்தத் தடவை கொஞ்சம் தெம்பாக இருந்தாள். "நம்ம ஊருல தோண்டினா சாமி வருது, அங்க தோண்டினா குண்டு வருது பாருங்க தம்பி!" என்றாள்.

எனக்கே பெருமையாக இருந்தது. அந்த வருஷம் ஏப்ரலில்தான் சீர்காழி சட்டநாதர் கோயிலில் கும்பாபிஷேகத்துக்கான யாகசாலைக்காகத் தோண்டியபோது இருபதுக்கு மேற்பட்ட பஞ்சலோக விக்கிரகங்களும், தேவாரப் பதிகங்கள் பொறித்த 400-க்கு மேற்பட்ட செப்பேடுகளும் கிடைத்தன. தஞ்சை ஜில்லாக்காரனுக்கு இது புதிது இல்லை. படை வருகிறது என்ற பயத்தில் யாரோ ஒரு குருக்களும் நாலு ஊர்க்காரர்களும் ராத்திரியோடு ராத்திரியாகக் குழி வெட்டி, சாமியைப் படுக்கவைத்து, மண்ணைத் தள்ளிவிட்டுப் போயிருப்பார்கள். திரும்பி வந்து எடுக்கலாம் என்றுதான் நினைத்திருப்பார்கள். வரமுடியவில்லை. எங்கே வைத்தோம் என்று சொல்லிவிட்டுப் போகவும் முடியவில்லை.

இந்தப் பெருமை ஒரு பகல் தாங்கிற்று. சாயங்காலம் தஞ்சாவூருக்குப் போகிற பஸ்ஸில் ஒரு விமானம் தலைக்குமேல் இரைந்துகொண்டு போயிற்று. புதுக்கோட்டைச் சாலையோரம் இருக்கிற அந்த விமானத் தளம் இன்றைக்கு நம் விமானப் படையுடையது. அதுவும் அந்த யுத்தத்தில் உண்டானதுதான். 1942 அக்டோபரில் பிரிட்டிஷ் விமானப் படையின் 36-ஆம் அணியை மறுபடி கூட்டி, வெலிங்டன் விமானங்களைக் கொடுத்து அங்கேதான் நிறுத்தினார்கள். நாற்றங்கால்களுக்கு மேலே பறந்து, வங்கக் கடலில் எதிரி நீர்மூழ்கிகளைத் தேடுவது அவற்றின் வேலை. அதே வருஷம் ஏப்ரலில் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு விழுந்தது. அடுத்தது சென்னைதான் என்று பட்டணமே காலியாயிற்று. தஞ்சாவூர், கும்பகோணம் திண்ணைகளெல்லாம் பட்டணத்து உறவுக்காரர்களால் நிரம்பின. என் பாட்டி அந்த ஒரு கோடையில் எத்தனை படி அரிசி வடித்தாள் என்பதைச் சாகும் வரையில் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் சென்னையின் மேல் குண்டு விழுந்தது 1943 அக்டோபரில், ஒற்றை விமானத்திலிருந்து, துறைமுகப் பக்கம். எங்கள் பக்கத்துக்குப் பயம் வந்தது, குண்டு வரவில்லை. ஆனால் இங்கிருந்து விமானங்கள் போயின. நம் மண்ணில் சாமிதான் கிடக்கிறது என்று சொல்லிக்கொள்வதற்கு முன் இதையும் கொஞ்சம் சேர்த்து நினைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

யுத்தம் முடிந்தும் முடியாமல் கிடக்கிற குண்டுகளைப் பற்றி ஜெர்மனிக்காரர்களைவிட அதிகம் தெரிந்தவர்கள் இல்லை. நேச நாடுகள் ஐரோப்பாவின் மேல் போட்டது சுமார் 27 லட்சம் டன். பத்தில் ஒன்றாவது வெடிக்கவில்லை என்பது பொதுவான மதிப்பு. அவற்றில் ஒரு ஜாதிக் குண்டைப் பற்றிப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. விழுந்தவுடன் அது வெடிக்காது. உள்ளே ஒரு கண்ணாடிக் குப்பியில் அசிட்டோன் இருக்கும். பெண்கள் நகப்பூச்சை அழிக்க உபயோகிக்கிறார்களே, அந்தச் சரக்கு. அதை ஒட்டிச் செல்லுலாய்டு வில்லைகள். வெடியைத் தட்டிவிடுகிற ஊசியை அந்த வில்லைதான் பிடித்துக்கொண்டிருக்கும். குப்பி உடைந்தால் அசிட்டோன் வில்லையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். கரைந்தவுடன் ஊசி பாயும். வில்லையின் கனத்துக்குத் தகுந்தபடி சில மணி நேரம் முதல் 144 மணி நேரம் வரை தாமதிக்கலாம்.

எதற்குத் தாமதம்? சங்கு ஊதி, ஆபத்து நீங்கிவிட்டது என்று ஜனங்கள் பதுங்கு குழியிலிருந்து வெளியே வருவார்கள். தீயை அணைக்க ஆள் வருவான். இடிபாட்டில் பிள்ளையைத் தேடித் தாய் வருவாள். அவர்களுக்காகத்தான். ஒரு மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து பென்சிலைச் சீவிக்கொண்டு ஒருவன் இதை யோசித்திருக்கிறான். சாயங்காலம் வீட்டுக்குப் போய்த் தன் குழந்தைகளைக் கொஞ்சியுமிருப்பான்.

அவனும் எதிர்பாராத ஒன்றை மண் செய்தது. இளகிய மண்ணில் வேகமாக இறங்கிய குண்டு உள்ளே வளைந்து மூக்கு மேல்நோக்கி நின்றுவிட்டால், அசிட்டோன் வில்லையின் பக்கம் வராமல் அப்பால் வழிந்துவிடுகிறது. வில்லை கரைவதில்லை. வருஷக்கணக்கில் ஆவி பட்டும் பழசாகியும் அது தானாக நொறுங்கக் காத்திருக்கிறது. அவன் போட்டது ஆறு நாள் கணக்கு. அது எண்பது வருஷமாகிவிட்டது. 2019 ஜூனில் லிம்பர்க் என்ற ஊர்ப் பக்கத்தில், யாரும் தொடாமல், யாரும் உழாமல், நடு ராத்திரியில் ஒரு வயல் தானே வெடித்தது. விடிந்து பார்த்தால் பத்து மீட்டர் அகலம், நாலு மீட்டர் ஆழம் பள்ளம். நல்ல காலம், ராத்திரி. எங்கள் ஊரில் என்றால் அந்த நேரத்துக்கு ஒருவன் முறைத் தண்ணீர் பாய்ச்ச மண்வெட்டியோடு வரப்பில் நின்றிருப்பான்.

எல்லாருக்கும் நல்ல காலம் வாய்க்கவில்லை. 2010 ஜூன் 1-ஆம் தேதி கெட்டிங்கன் நகரத்தில் இப்படிப்பட்ட ஒரு குண்டைச் செயலிழக்கச் செய்ய ஆயத்தம் பண்ணிக்கொண்டிருந்தபோதே அது வெடித்து, அந்தத் தொழிலில் கைதேர்ந்த மூன்று பேர் இறந்தார்கள். யுத்தம் முடிந்து அறுபத்தைந்து வருஷம் ஆகியிருந்தது.

அப்படியானால் எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்? இங்கேதான் எனக்கு அக்காவின் கேள்வி புரண்டு படுத்தது. அந்தக் காலத்தில் குண்டு போட்டுவிட்டு வந்த பிறகு இன்னொரு விமானம் போகும். அதில் குண்டு கிடையாது, காமிராதான். எவ்வளவு நாசமாயிற்று என்று மேலேயிருந்து படம் எடுத்து வரும். இங்கிலாந்தில் தேம்ஸ் கரையில் மெட்மனம் என்ற இடத்து மாளிகையில் ஆண்களும் பெண்களுமாக உட்கார்ந்து, இரட்டை வில்லைக் கண்ணாடியை வைத்துக்கொண்டு அந்தப் படங்களைப் படித்தார்கள். எத்தனை கூரை, எத்தனை தண்டவாளம், எத்தனை புகைபோக்கி என்று கணக்கு. யுத்தம் முடிந்ததும் அவை பெட்டி பெட்டியாக மூலையில் கிடந்து, ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போய், இப்போது எடின்பரோவில் இருக்கின்றன. ஜெர்மனிக்காரர்கள் காசு கொடுத்துப் பிரதி வாங்கினார்கள். அங்கே பல இடங்களில் இன்றைக்கு வீடு கட்டப் போகிறவன், தன் மனையின் மேல் 1944-இல் என்ன விழுந்தது என்று அந்தப் படத்தில் பார்த்துச் சொல்லச் சொல்கிறான்.

படம் படிக்கிறவர் எதைத் தேடுகிறார்? பெரிய பள்ளங்களை விட்டுவிடுகிறார். அவை வெடித்துத் தொலைந்தவை. அவற்றுக்கு நடுவே மிளகளவு ஒரு கரும்புள்ளி இருக்கிறதா என்று பார்க்கிறார். குண்டு நுழைந்து வெடிக்காமல் போன துவாரம் அது. மர நிழலாக இருக்கலாம், மேய்கிற மாடாக இருக்கலாம், படத்தில் விழுந்த தூசியாக இருக்கலாம். முந்தின வாரத்துப் படத்தையும் பிந்தின வாரத்துப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். முந்தினதில் இல்லாமல், பிந்தினதில் அசையாமல் அங்கேயே இருந்தால் சந்தேகம் பலப்படுகிறது. அப்புறம் அந்த இடத்தில் போய்த் துளை போட்டு, இரும்பை உணர்கிற கருவியை இறக்குகிறார்கள்.

அதே படம்தான். அன்றைக்குப் பார்த்தவருக்குப் பள்ளங்கள்தான் வெற்றி. புள்ளியால் அவருக்குப் பிரயோஜனம் இல்லை. இன்றைக்குப் பார்க்கிறவருக்குப் பள்ளங்களால் பிரயோஜனம் இல்லை. கொன்றதைக் கணக்கெடுக்க எடுத்த படம், பிறக்காதிருந்த பிள்ளைகளைக் காப்பாற்றுகிறது. அந்தக் காமிராக்காரனுக்கு நன்றி சொல்ல வேண்டுமா? அவன் புண்ணியத்துக்குச் செய்யவில்லை. உத்தியோகத்துக்குச் செய்தான். ஆனாலும் ஒளிக்காமல் செய்தான். நாள், நேரம், இடம் எல்லாம் குறித்து வைத்தான். எனக்கு அவனிடம் ஒரு மரியாதை உண்டாகிவிட்டது. அதற்காக வெட்கப்படவும் இல்லை.

(செலவு யாருடையது என்கிறீர்களா? ஜெர்மானிய ராணுவத்தின் சொந்தக் குண்டாக இருந்தால் மத்திய சர்க்கார், எதிரி போட்டதாக இருந்தால் மாகாண சர்க்கார் என்று அங்கே ஒரு நெடுநாள் வழக்கம். குழிக்குள் இறங்குகிறவனுக்கு மட்டும் எந்தக் குண்டானாலும் ஒரே உயிர்தான்.)

மனம் வருந்துவதைப் பற்றி நாம் நிறைய எழுதிவிட்டோம். கதைகளில் நானும் எத்தனையோ பாத்திரங்களைக் கடைசி அத்தியாயத்தில் அழவிட்டிருக்கிறேன். குண்டு போட்டவர்களில் பலர் பிற்காலத்தில் நிஜமாகவே வருந்தியிருப்பார்கள். ராத்திரித் தூக்கம் இல்லாமல் தவித்திருப்பார்கள். அந்தத் தவிப்பால் ஒரு செல்லுலாய்டு வில்லைகூட உறுதிப்படவில்லை. தீங்கு செய்தவன் திருப்பிக் கொடுக்கக்கூடியது பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான்: எங்கே போட்டேன் என்கிற விலாசம். அதைக் கொடுக்காத வருத்தம் தன்னைத் தானே தடவிக்கொடுத்துக்கொள்வது. லாவோஸ் தேசத்தின் மேல் 1964 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் 27 கோடி சிறு குண்டுகளைக் கொட்டின. முப்பது சதவிகிதம் வரை வெடிக்காமல் போயிருக்கலாம் என்கிறார்கள். பார்வைக்குப் பந்து மாதிரி இருக்கும். குழந்தைகள் எடுத்து விளையாடின. எங்கெங்கே போட்டோம் என்ற விமானப் படைப் பதிவுகள் அந்தப் பிரதேசத்து நாடுகளுக்குக் கிடைக்க 2000-ஆம் வருஷம் ஆயிற்று. மன்னிப்பு வேண்டாம், காகிதத்தை முதலில் கொடு என்று அந்தத் தாய்மார்கள் கேட்டிருந்தால் அதில் என்ன தப்பு?

இன்னும் கிட்டத்தில் வந்து பார்க்கலாம். கோடிக்கரையில் நின்றால் கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணம். அங்கே முகமாலையில் பல வருஷம் சண்டைக்கோடு நின்றது. இரு தரப்பும் கண்ணிவெடி புதைத்தன. சண்டை முடிந்த பிறகு அந்த மண்ணில் முழந்தாளிட்டு, அங்குலம் அங்குலமாகச் சுரண்டி எடுத்தவர்களில் தமிழ்ப் பெண்கள் நிறைய. புருஷனைச் சண்டையில் பறிகொடுத்தவர்கள் உண்டு. கையில் அகப்படுவது எதிரி வைத்ததா, தன் சொந்தத் தம்பி வைத்ததா என்று அவர்கள் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. யார் என்ற கேள்வியை ஒதுக்கி வைத்துவிட்டு எங்கே என்ற கேள்வியோடு அவர்கள் காலையில் எழுந்து வேலைக்குப் போகிறார்கள். அதற்காக யார் என்ற கேள்வி செத்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. அது மற்றவர்கள் கேட்க வேண்டியது; உட்கார்ந்து எழுதுகிறவர்கள் கேட்க வேண்டியது.

இவ்வளவும் எழுதிவிட்டுப் பேனாவை மூடினபோதுதான் எனக்கு உறைத்தது. அக்காவின் பிள்ளை 2022 தீபாவளிக்கு வந்திருந்தபோது என்னிடம் ஒரு விஷயம் சொல்லியிருந்தான். "மாமா, அம்மாகிட்ட ஸ்டோருல வேலைன்னு சொல்லியிருக்கேன். பொக்லைன் ஓட்டுறேன்னு தெரிஞ்சா தூங்காது. நீங்களும் சொல்லிடாதீங்க." சரி என்று தலையாட்டியிருந்தேன். அன்று காலையில் அவள் திண்ணையோரம் நின்று கேட்டபோதும் அந்த வாக்கைக் காப்பாற்றினேன். அவள் நிம்மதிக்காகத்தான். விலாசத்தைச் சொல்லாமல் வைத்திருந்தவர்கள் எல்லாருக்கும் இப்படி ஏதாவது ஒரு நல்ல காரணம் இருந்திருக்கும்.

எழுந்து எதிர்வீட்டுக்குப் போனேன். பங்குனி வெயில். அக்கா வாசலில் உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிட்டேன். முறம் நிற்கவில்லை, நாலு தட்டுத் தட்டி உமியை ஊதித் தள்ளினாள்.

"எந்த எடத்துல?" என்றாள்.

கைபேசியில் படத்தை விரித்து, அவன் வேலை செய்கிற இடத்தைக் காட்டினேன். உளுந்துத் தூசி படிந்த விரலை அதன்மேல் வைத்தாள்.

"அந்தக் குண்டு கெடந்தது?"

அதையும் காட்டினேன். இரண்டுக்கும் நடுவே இரண்டு விரற்கடை இருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சாயங்காலம் போன் பண்ணுவான். நானே கேட்டுக்குறேன்" என்று சொல்லி, முறத்தில் இன்னொரு படி உளுந்தை அள்ளிப் போட்டுக்கொண்டாள்.